திருமலையிற் கால்நடையாக ஒரு நாள்

மோட்டார் வண்டியில் வந்திறங்கிக் கோணேசரை வணங்கி, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து, கன்னியா வெந்நீரூற்றிற் குளித்து, பொழுது சாயுமுன் வீடு திரும்புவோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். அவர்கள் திருகோணமலையைக் கண்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நகரின் பழமை ஓடும் வண்டிக்குத் தன்னை எளிதிற் காட்டுவதன்று. மதிலில் ஒரு கல், வாயிலில் ஓர் எழுத்து, பாறையில் ஒரு தூண் என்று அது சிதறிக் கிடக்கின்றது. நடந்து சென்று, நின்று பார்த்து, ஒன்றோடொன்று பொருத்திக் கொள்பவருக்கே அது முழுமையாகப் புலனாகும். சென்ற ஆவணி விடுமுறையில் நாம் குடும்பத்தோடு அவ்வாறு ஒரு நாள் முழுதும் நடந்தோம். நாமும் இல்லாளும், பதினான்கு வயது மூத்தவனும், பத்து வயது இளையவளும், நம் தமக்கையாருமாக ஐவர்.

இறக்கக்கண்டிக் கரை

தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து குச்சவெளிக்குச் செல்லும் கரையோரப் பாதையில் உள்ளது. மேற்கே களப்பு, கிழக்கே வங்கக் கடல், இரண்டும் கலக்கும் முகத்துவாரத்தின்மேல் நீண்டதொரு பாலம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மீன்பிடி ஊர் அது.

கிழக்குக் கரையின் வாழ்க்கையைக் காற்றே வகுத்து வைத்திருக்கின்றது. வாடைக் காற்று வீசும் மாரி மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை பெரும்பாலும் அமைதியாயிருக்கும். அக்காலத்திலே கரைவலை இழுப்பு மும்முரமாக நடைபெறும். மேற்குக் கரையில் அப்போது கடல் கடுமையாதலால் அங்கிருந்தும் மீனவர் வந்து வாடி போட்டுத் தங்குவர். நாம் புறப்பட்ட விடியற்காலையிலும் கரைவலை ஏறிக்கொண்டிருந்தது. இரு புறத்தும் வரிசையாக நின்று கயிறிழுத்தவர்கள் மெல்ல மெல்ல நெருங்கி வர, நடுவே மடி கரைக்கு ஏறிய காட்சியைப் பிள்ளைகள் கண் கொட்டாமற் பார்த்தனர். இந்தக் காற்றின் கணக்கை மனத்திற் கொள்ளுமாறு அவர்களிடம் சொல்லி வைத்தோம். ஐரோப்பியர் திருகோணமலைக்காக ஏன் போரிட்டனர் என்ற கேள்விக்கு அதிலேதான் விடை இருக்கின்றது.

கரையிலிருந்து பார்த்தால் நிலாவெளிக்கு நேரே கடலிற் புறாமலைத் தீவு தெரியும். மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்திற் சுடுபயிற்சிக்கு இலக்காயிருந்த அத்தீவு 1963 இற் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவாகியது. இதே கரையை 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. அந்நாளைப் பற்றித் தமக்கையார் அதிகம் பேசுவதில்லை. கடலைக் காட்டி, “இதுதான் தந்தது, இதுதான் எடுத்தது” என்பார்; அவ்வளவே.

நகரத்திற்குச் செல்லும் பேருந்து நிலாவெளியூடாகப் போகும். அவ்வூரிற் கிடைத்த பழைய தமிழ்க் கல்வெட்டொன்று அன்றைய நடைக்கு நல்ல தொடக்கமாயிற்று. எழுத்தமைதி கொண்டு அதனைப் பத்தாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கொள்வர். கோணமலைக் கோவிலுக்கு ஏறத்தாழ 250 வேலி நிலம் வழங்கப்பட்டதை அது கூறுகின்றது. தஞ்சைப் பகுதியின் பிற்கால வேலி அளவைக் கொண்டு கணித்தால் ஆயிரத்தைந்நூறு ஏக்கருக்கு மேலாகும். நாம் ஏறி அமர்ந்த வண்டியின் சாளரத்திற்கு வெளியே விரிந்த இப்பகுதியிலே ஒரு காலத்திற் கோணேசருக்கு வயலும் திடலும் இருந்தன என்று கேட்டபோது, அதுவரை பாதி உறக்கத்திலிருந்த மூத்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

உப்புவெளியிற் பாதையருகே இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் மயானம் உண்டு. ஒரே அளவான கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எங்கோ பிறந்து இந்தக் கரையில் அடங்கியவர்கள். வண்டி கடந்து செல்லும் சில கணங்களிற் பிள்ளைகள் பார்த்துவிட்டனர். “இவை எவருடைய கல்?” என்றாள் இளையவள். அன்று முழுதும் அவள் கேட்ட கேள்விகள் கற்களைப் பற்றியனவாகவே இருந்தன.

கோட்டை வாயிலில் இரு மீன்கள்

நகரிலே இறங்கிப் பெரிய மைதானத்தைக் கடந்தால் இட வசத்திலும் வல வசத்திலும் கடல் தோன்றும். ஒரு பக்கம் பின்புறக் குடா. மறுபக்கம் டச்சுக் குடா. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிச் செல்லும் நிலம் முன்னேறி உயர்ந்து, கடலுக்குள் நீட்டிய முகம்போற் சுவாமி மலையாக முடிகின்றது. அம்மலையை நிலத்தோடு இணைக்கும் கழுத்தை அடைத்து நிற்பதே பிரெடரிக் கோட்டை. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் மகனாகிய யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயரால் 1803 இல் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. இன்றும் கோட்டை இராணுவத்தின் வசமே உள்ளது. ஆயினும் கோவிலுக்குச் செல்லும் பாதை மக்களுக்குத் திறந்திருக்கின்றது.

வாயிலிற் பெரும்பாலோர் நிற்பதில்லை. நாம் நின்றோம். உள்ளே நுழையும்போது பக்கச் சுவரிற் பதிந்துள்ள ஒரு கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். மீன் பாண்டியரின் சின்னம் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கியர் சிதைப்பர் என்னும் பொருளமைந்த பாடலின் எஞ்சிய சொற்களாக அவ்வெழுத்துகளை வாசிப்பர். குளக்கோட்டன் என்பான் கோணேசர் கோவிலையும் கந்தளாய்க் குளத்தையும் அமைத்தவனாக இம்மாவட்டத்தின் மரபு போற்றும் மன்னன்.

பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொன்னோம். இம்மலையில் அடியிலும் இடையிலும் உச்சியிலுமாக மூன்று கோவில்கள் இருந்தன எனப் போர்த்துக்கேயரே எழுதி வைத்துள்ளனர். 1622 இல், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் அக்கோவில்கள் இடிக்கப்பட்டன. சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி நகர்வலம் போயிருந்த வேளையில், அந்தணர் வேடத்திற் படைவீரர் உட்புகுந்தனர் என்று நம்மவரிடையே வழங்கும் வரலாறு கூறும். இடித்த கற்களைக் கொண்டே அவர்கள் இவ்விடத்திற் கோட்டை கட்டினர். அதனாலேதான் கோவிற் கல் கோட்டைச் சுவரில் நிற்கின்றது.

இளையவள் அக்கல்லிற் கை வைத்துப் பார்த்தாள். பின்னர், “அப்பா, இது கோயிற் கல் எண்டால், கழற்றிக் கொண்டுபோய்க் கோயிலிலேயே திருப்பி வைக்க ஏலாதோ?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அவளுக்கு முன்பே மூத்தவனின் முகம் சிவந்திருந்தது. “செய்தவங்களை நாங்கள் சும்மா விட்டுட்டமோ?” என்றான் அவன். உடனே விடை கூற நமக்கு வாயெழவில்லை. இத்தகைய இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இச்சங்கடம் நேரும். நடந்ததை மறைத்தால் பொய் சொன்னவராவோம். சினம் மூளச் சொன்னால், என்றோ இறந்தவர்மேல் எழும் அச்சினம் இன்றிருக்கும் எவர்மேலாவது பாயும். இந்நாட்டிலே மூன்று பதிற்றாண்டு அளவு நீடித்து 2009 இல் முடிந்த போரின் நடுவே இளமையைக் கழித்த நம் போன்றோர், பழங்கதையினால் மூளும் நெருப்பு எவ்வளவு எளிதிற் பரவும் என்பதை அறிவோம். ஆகவே, “மேலே போய்ப் பேசுவோம்” என்று சொல்லி நடந்தோம்.

கோட்டைக்குள்ளே மரநிழலிற் புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவுகின்றன. பார்க்க அழகாய்த்தான் இருக்கின்றன. ஆனால் வந்து போவோர் எறியும் பொலித்தீன் பைகளையும் அவை உணவென்று மெல்லுகின்றன. பிள்ளைகளோடு செல்வோர் தம் கைப்பையிலேயே குப்பையைத் திருப்பிக் கொண்டு வருவது நன்று. பாதையோரத்திலே பழைய வீடொன்று உண்டு. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1800 ஆம் ஆண்டின் இறுதியிற் கடற்கடந்த படையெடுப்பொன்றுக்கு ஆயத்தம் செய்ய இந்நகருக்கு வந்து தங்கியதை அவ்வீடு நினைவூட்டுகின்றது. 1799 இற் சீரங்கப்பட்டணத்திலே திப்புவுக்கு எதிரான போரிலும், 1815 இல் வாட்டர்லூவிலே நெப்போலியனுக்கு எதிரான போரிலும் ஈடுபட்ட மனிதர், இடையில் இந்த வேம்பு நிழலிலும் நடந்திருக்கின்றார்.

வெறும் பாறையில் நடந்த பூசை

சாலையின் இருமருங்கும் கடைகள் நெருங்கிய பகுதியைக் கடந்து ஏறினாற் கோணேசர் கோவில். கடலிலிருந்து ஏறக்குறைய 400 அடி செங்குத்தாக எழும் பாறையின் தலையிலே அது அமைந்துள்ளது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். ஈழத்திலே தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இதுவும் மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரமுமே. அவர் இங்கு நேரில் வந்தவரல்லர். இராமேச்சரத்திலிருந்து இத்திசை நோக்கிப் பாடினார் என்பது மரபு. பிற்காலத்தில் அருணகிரிநாதரும் இத்தலத்து முருகனைப் பாடியுள்ளார்.

மாதுமையம்மை உடனாய கோணேசப் பெருமானை வழிபட்டபின், கடற்காற்று வீசும் மதிலோரத்தில் அமர்ந்து, கீழே விட்டு வந்த கதையைத் தொடர்ந்தோம்.

கோவில் இடிந்தபோது அனைத்தும் அழியவில்லை. திருமேனிகள் சிலவற்றை அடியார்கள் எடுத்து மறைத்தனர். தம்பலகாமத்திலே வயல் சூழ்ந்த இடத்திற் கோணேசருக்குப் பின்னர் ஒரு கோவில் எழுந்தது. ஆதிகோணேசர் ஆலயம் என்று இன்றும் அது விளங்குகின்றது. இம்மலையிலோ, கட்டடம் எதுவுமில்லாத வெறும் பாறையின்மேல் மக்கள் வந்து வணங்குவதை நிறுத்தவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கிலேயர், பாறை விளிம்பில் நின்று பூசகர் தீபம் காட்டுவதையும், மக்கள் படைத்த பொருள்களைக் கடலில் இடுவதையும் கண்டு எழுதியிருக்கின்றனர். கோட்டை அவர்களுடையது, பீரங்கியும் அவர்களுடையது. பூசை மட்டும் நம்மவருடையதாக நடந்துகொண்டிருந்தது.

1950 இல், இங்கிருந்து சில நூறு யார் தொலைவிலே நகரசபையினர் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் ஆகிய அத்திருமேனிகளை நகரமே திரண்டு வரவேற்றது. 1956 இல், விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடிக் கடலுட் குதித்து, பழைய கோவிலின் செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். மறு ஆண்டு வெளியான தம் நூலில் கிளார்க் அதனை உலகுக்கு எடுத்துரைத்தார். மீண்டும் எழுப்பிய கோவிலுக்கு 1963 மார்ச் 3 ஆம் நாள் கும்பாபிஷேகம் நடைபெற்றது.

“1622 இலிருந்து 1950 வரை எத்தனை ஆண்டு?” என்று கேட்டோம். மூத்தவன் விரல் மடிக்காமலே, “328” என்றான். அத்தனை ஆண்டுகளாக மண்ணுக்குள் இருந்த திருமேனிகள் அவை. புதைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தம் காலத்திலே தோண்டி எடுப்போம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அவர் காலம் கடந்தது. பேரர் காலமும் கடந்தது. ஆயினும் அவர் ஒப்படைத்த பொருள் உரியவர் கையை அடைந்தது.

அப்போதுதான் அதுவரை வாய் திறவாதிருந்த தமக்கையார் இளையவளை மடியருகே இழுத்து, “கல்லைத்தான் கொண்டுபோனாங்கள், பிள்ளை, கும்பிட வந்த சனத்தைக் கொண்டுபோக ஏலாமற் போச்சு” என்றார்.

“அப்ப அந்தக் கல்லு, மாமி?”

“அது அங்கேயே நிக்கட்டும். நீ பெரியவளாகி உன்ரை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேணுமெல்லோ?”

நாம் வாயிலிற் சொல்லத் தவித்த விடை அதுவே. கல்லைக் கழற்றினாற் சுவரில் ஓர் ஓட்டை மிஞ்சும், கதை போய்விடும். அது அங்கே நின்றால், என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி அங்கே நிற்கும்.

மூத்தவனின் கேள்விக்கு வேறொரு விடை தேவைப்பட்டது. “போர்த்துக்கேயர் போய்விட்டனர், ஆனால் நம் வீட்டிலே இன்னும் இருக்கின்றனர், தெரியுமா?” என்றோம். அவன் விழித்தான். நாம் இருக்கும் கதிரை, எழுதும் மேசை, உடை வைக்கும் அலுமாரி, காற்றுக்குத் திறக்கும் யன்னல், கதவைப் பூட்டும் சாவி, காலைக்கு உண்ணும் பாண், பள்ளிக்கு அணியும் சப்பாத்து, இச்சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. பின்வந்த ஒல்லாந்தர் தந்து சென்றது கந்தோர். கோவிலை இடித்தவர் செய்தது கொடுமை என்பதில் மாற்றமில்லை. ஆனால் அவர்களுடைய சொல்லை வாயில் வைத்துக்கொண்டே நாம் தேவாரமும் ஓதுகின்றோம். மனிதர் கலந்து வாழ்ந்த கதையும் இடித்து அழித்த கதையும் ஒரே வரலாற்றின் பக்கங்கள். ஒன்றைக் கிழித்துவிட்டு மற்றதை மட்டும் படிக்கலாகாது.

தூணும் கதையும்

கோவிலருகே பாறை இரண்டாகப் பிளந்து ஆழ்ந்து இறங்கும் இடம் இராவணன் வெட்டு. தன் தாயின் வழிபாட்டுக்காக இராவணன் மலையைப் பெயர்க்க முயன்று வாளால் வெட்டிய இடம் என்பது கதை. கீழே நீலமும் பச்சையுமாய்க் கடல் சுழித்து மோதும். இங்கே கடலடி கரையை ஒட்டியே மிக ஆழமாக இறங்குகின்றது. திருகோணமலைக்கு நேரே கடலுக்குள் ஒரு பெரும் பள்ளத்தாக்கே உண்டு. அதனால் நீலத் திமிங்கிலங்களும் கரைக்கு அணித்தே வருகின்றன. நல்வாய்ப்புள்ளவர்க்கு இம்மலையிலிருந்தே அவை நீரைப் பீச்சுவது தெரியும். அன்று நமக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

இப்பாறையில் ஒரு தூணும் நிற்கின்றது. பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்னும் நாளும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கைவிட்டுக் கப்பலேறிச் செல்ல, அவள் இங்கிருந்து கடலிற் பாய்ந்து உயிர் நீத்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வர். ஆனால் ஒல்லாந்த ஆவணங்களை ஆராய்ந்தோர், அப்பெண் அதன் பின்னரும் உயிரோடிருந்து மணம் முடித்தவள் என்று காட்டியுள்ளனர். “அப்ப அழத் தேவையில்லை” என்று இல்லாள் நகைத்தார். அத்தூணும் பழைய கோவிலின் தூண்களுள் ஒன்று என்றே கருதப்படுகின்றது. கோவிலைத் தாங்கிய தூண் ஒரு பெண்ணின் நினைவைச் சுமந்து, நடவாத கதையொன்றையும் சேர்த்துச் சுமக்கின்றது. எதை நம்புவது, எதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு விடுவது என்பதைப் பிள்ளைகள் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையிற் கிடைக்காது.

தெற்கே திரும்பினாற் கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கும். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கடலைச் சேருமிடம் அது. 1660 இல் அக்குடாவிற் கப்பல் நங்கூரமிட்டிருந்தபோதே றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய அவர் 1681 இல் வெளியிட்ட நூல், அக்கால இலங்கையை அறிய இன்றும் உதவுகின்றது.

நகர வீதிகளில்

வெயில் ஏறுமுன் இறங்கி, டச்சுக் குடாவின் கரையில் மரநிழலில் அமர்ந்து, தமக்கையார் வாழையிலையிற் கட்டி வந்த புட்டையும் சம்பலையும் பிரித்தோம். அப்பாற் பழைய ஒல்லாந்தர் காலக் கட்டடமொன்றிலுள்ள கடற்படை வரலாற்று நூதனசாலையைப் பார்த்து, வண்ண வேலைப்பாடு மிக்க பத்திரகாளி அம்மன் கோவிலைத் தரிசித்தோம். நகரின் உட்தெருக்களில் நடக்கையிற் கல்லில்லாத நினைவுச் சின்னங்கள் சிலவற்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று போற்றப்படும் ‘மோகனாங்கி’யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராயிருந்த அவர் அந்நாவலை 1895 இல் வெளியிட்டார். பெண் விடுதலையை வற்புறுத்தும் ‘தத்தை விடு தூது’ என்னும் செய்யுள் நூலை அதற்கு முன்னரே பாடியவர். அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பேரறிஞர். 1897 இல் தோன்றிய இந்துக் கல்லூரியும் இந்நகரிலேதான் உள்ளது. யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் அதனைப் பொறுப்பேற்று நடத்திய காலமும் உண்டு. கோட்டைக்காகப் பல நாட்டார் போரிட்டுக்கொண்டிருந்த ஊர், எழுத்துக்கும் கல்விக்கும் இத்தகையோரைத் தந்திருக்கின்றது.

துறைமுகத்தின் கணக்கு

பிற்பகலில் உட்துறைமுக வீதியை அடைந்தோம். குன்றுகள் காவல் நிற்க, காற்றே தீண்டாத ஏரிபோல் நீர் பரந்து கிடந்தது. உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இது. காலையிற் கரைவலை பார்த்தபோது சொல்லி வைத்த காற்றின் கணக்கை இப்போது எடுத்தோம். சென்னை, நாகபட்டினம் முதலிய கரையெல்லாம் அக்காலத்தில் திறந்த கடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் புயலும் எழுந்தால் அங்கே போர்க்கப்பல் நிற்க இயலாது. பழுது பார்க்கப் பம்பாய் வரை சுற்றிச் செல்ல வேண்டும். அத்தனை கப்பல்களையும் எக்காலத்திலும் தாங்கக் கூடிய ஒரே இடம் அருகில் இதுவே. ஆகவே, சோழமண்டலக் கரையை ஆள விரும்பியவர் எவரும் திருகோணமலையை விரும்பினர்.

1639 இற் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பறித்தனர். 1672 இற் பிரஞ்சுக்காரர் வந்து சில காலம் கால் ஊன்ற முயன்றனர். 1782 இல் மட்டும் இருமுறை கொடி மாறிற்று: சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தனர்; ஆகஸ்டிற் பிரஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்று, 1795 இல் ஆங்கிலேயரிடம் நிலைபெற்றது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நாடு 1948 இற் சுதந்திரம் பெற்ற பின்னும் ஆங்கிலக் கடற்படை இங்கே இருந்தது. 1957 அக்டோபர் 15 ஆம் நாள்தான் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. சீனன்குடாவில் அவர்கள் கட்டிய பேருருவான எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் புதுப்பித்துப் பயன்படுத்த 2022 சனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டன. நாடுகளின் கண் இத்துறைமுகத்தின்மேல் இன்னும் இருக்கத்தான் செய்கின்றது.

இத்தனை பேரையும் மூத்தவன் ஒரு தாளிற் குறித்து வந்தான். “இவ்வளவு பேரும் வந்து போய்விட்டார்கள், போகாமல் இருந்தவர் யார்?” என்று தானே கேட்டுக்கொண்டான். எதிரே ஒரு சிறு தோணியில் இருவர் வலையைச் சீர் செய்துகொண்டிருந்தனர். அவன் அவர்களைப் பார்த்தான். பின்னர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். வைகாசி முதல் ஆவணி வரை கடலும் வானும் தெளிந்திருக்கும். ஆனால் கச்சான் காற்றின் வெப்பம் கடுமையானது. ஆதலாற் காலை எட்டு மணிக்குள் கோட்டை வாயிலில் நில்லுங்கள். கோவிற் பாறை உச்சிப் பொழுதிற் பாதத்தைச் சுடும். குடிநீரும் கட்டுணவும் கொண்டு செல்லுங்கள். மைதானத்திலிருந்து மலையுச்சி வரை சென்று திரும்பி, டச்சுக் குடா வழியே உட்துறைமுகம் சேர்வது, சிறுவரும் முதியோரும் இளைப்பாறி இளைப்பாறி நடந்தாலும், ஒரு பகலில் அடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். வாயிலில் அந்த இரு மீன்களின் முன் அவர்களை நிறுத்துங்கள். நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். அதன்பின் அங்கேயே நின்றுவிடாமல் மலை ஏறி, 328 ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்த திருமேனிகளின் கதையையும் அவர்கள் கேட்கச் செய்யுங்கள். முதற்பாதியை மட்டும் கேட்ட பிள்ளை சினத்தோடு வீடு திரும்பும். இரண்டையும் கேட்ட பிள்ளை, தன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது என்ன என்பதை அறிந்து திரும்பும்.